ஒரு மலையை வாங்கி ஊருக்கு எழுதிக்கொடுத்தவர்



நம் வளாகத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கோடையில் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று சுற்றிவிட்டு வந்து, மாலை நடைப்பயிற்சியின்போது நம்மிடம் படம் காட்டுவார்கள். அடுத்த முறை நீங்கள் பாஸ்டன் பக்கம் போவதாக இருந்தால், இன்னும் ஓர் இடத்தையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கே ஐந்தாறு மணி நேரக் கார் பயணம். மெய்ன் மாநிலத்தின் நடுவில் ஒரு பெரிய காடு, அதன் நடுவில் ஒரு மலை. காட்டின் பெயர் பாக்ஸ்டர் ஸ்டேட் பார்க். மலையின் பெயர் கட்டாடின்.

பார்க் என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இதன் பரப்பு 2,09,000 ஏக்கருக்கும் மேல். நம் சென்னை மாநகராட்சி எல்லையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, தார்ச் சாலை கிடையாது, கடை கிடையாது. குப்பைத்தொட்டி கூடக் கிடையாது. கொண்டுபோன பிஸ்கட் உறையை நீங்களேதான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 200 மைலுக்கும் மேற்பட்ட நடைப் பாதைகளும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிகரங்களும் இருக்கின்றன. காலையில் நுழைந்து மாலையில் திரும்பும் ஒருநாள் மலையேற்றத்துக்கு அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் இவ்வளவு அமைதியான இடங்கள் குறைவு.

இந்தக் காட்டை எந்த அரசும் உண்டாக்கவில்லை. ஒரு தனி மனிதர் தன் சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக வாங்கி, மக்களுக்கு எழுதிக்கொடுத்தார். அவர் பெயர் பெர்சிவல் பாக்ஸ்டர். இந்தக் காலாண்டில் நீங்கள் தெரிந்துகொள்ளப்போவது அவருடைய வாழ்க்கையை.

வசதியான வீட்டுப் பிள்ளை

பாக்ஸ்டர் 1876 நவம்பர் 22 அன்று மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஃபின்னி பாக்ஸ்டர், காய்கறிகளை டப்பாவில் அடைத்து விற்கும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். ஆறு முறை போர்ட்லண்ட் மேயராகவும் இருந்தார். நகரத்துக்கு நூலகக் கட்டடம் கட்டிக்கொடுத்தவரும் அவரே. நீர்க்கரையோரம் எல்லோரும் காற்று வாங்க ஒரு சாலையும் பசுமைப் பகுதியும் வேண்டும் என்று அவர் திட்டமிட்டது, இன்றும் அவர் பெயரிலேயே அங்கே இருக்கிறது. கையில் இருப்பதில் ஒரு பங்கு ஊருக்குப் போக வேண்டும் என்பதைப் பையன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

அவருக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்ததாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மீன்பிடிக்கக் கூட்டிப்போன அப்பா, பெரிய மீனாகப் பிடித்தால் பவுண்டுக்குப் பத்து டாலர் தருவதாகச் சொன்னாராம். பையன் எட்டுப் பவுண்டு டிரவுட் மீனைப் பிடித்துவிட்டான். எண்பது டாலரும் வங்கியில் போடப்பட்டது. அவர் அந்தப் பணத்தை எடுக்கவே இல்லை, அது வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது என்பார்கள். பின்னாளில் அவர் செய்ததைப் பார்க்கும்போது, இந்தக் கதை அவருக்குப் பொருந்தித்தான் போகிறது.

போடன் கல்லூரியில் 1898இல் பட்டம், ஹார்வர்டில் 1901இல் சட்டப் படிப்பு. கட்டாடின் மலையை முதலில் பார்த்தது 1903இல், அப்பாவோடு கிட்னி பாண்ட் என்ற ஏரிக்கு மீன்பிடிக்கப் போனபோது. அன்றைக்கு மலை ஏறவில்லை. அதன் மேல் போய் நின்றது பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான்.

கத்தி முனையில் நடந்த நாள்

கட்டாடினின் உயரம் 5,267 அடி. நம் ஏற்காட்டைவிடச் சற்றே அதிகம். ஆனால் ஏற்காட்டுக்குக் காரிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். கட்டாடின் உச்சிக்குக் கால்களை விட்டால் வேறு வழி இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பெனாப்ஸ்காட் மக்கள் வைத்த பெயருக்கு, மலைகளிலெல்லாம் பெரியது என்று பொருள். அங்கே பமோலா என்ற தெய்வம் குடியிருப்பதாகவும், மூஸ் மானின் தலையும் மனித உடலும் கழுகின் சிறகும் கொண்ட அது மேலே ஏறி வருபவர்களை விரும்பாது என்றும் அவர்களிடம் நம்பிக்கை உண்டு. மலையின் ஒரு சிகரத்துக்கு இன்றும் பமோலா என்றே பெயர்.

பமோலாவிலிருந்து முக்கியச் சிகரத்துக்குப் போகும் ஒரு மைல் தூரத்துக்குக் கத்தி முனை என்று பெயர். சில இடங்களில் அகலம் மூன்று அடிதான். இரண்டு பக்கமும் பள்ளம். 1920 ஆகஸ்டில், மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பாக்ஸ்டர் ஒரு குழுவோடு இந்த வழியாக ஏறி உச்சிக்குப் போனார். அப்போது அவருக்கு 43 வயது. மலையேற்றத்தில் பெரிய பழக்கம் கிடையாது. இறங்கி வந்தபோது, இந்த மலை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்பதில் உறுதியாகிவிட்டார்.

ஏனென்றால் அன்று மலை தனியார் கையில்தான் இருந்தது. சுற்றியிருந்த காடுகள் மரக் கம்பெனிகளுக்கும் காகித ஆலைகளுக்கும் சொந்தம். அவற்றில் பெரியது கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனி. மெய்ன் மாநிலத்தின் வேலைவாய்ப்பும் வரி வருமானமும் அரசியலும் இந்தக் கம்பெனிகளைச் சுற்றியே ஓடின.

கவர்னரால் முடியாதது

மலையை அரசுப் பூங்காவாக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினராகவே அவர் முயன்றார். நடக்கவில்லை. 1921 ஜனவரியில் மாநிலச் செனட் சபையின் தலைவரானார். அதே மாதக் கடைசியில், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத கவர்னர் பார்க்ஹர்ஸ்ட் இறந்துபோனார். சட்டப்படி அடுத்த இடத்தில் இருந்த பாக்ஸ்டர் கவர்னரானார். பிறகு தேர்தலிலும் வென்று 1925 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

மாநிலத்தின் உயர்ந்த பதவி கைக்கு வந்த பிறகு மலை எளிதாகக் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கவில்லை. சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. ஆட்களே போகாத காட்டுக்கு எதற்கு மக்கள் வரிப்பணம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடமும் சாலையும் கேட்டு நிற்கும் ஊர்கள் நிறைய இருந்தன. பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவர் கையில் ஒரு ஏக்கர்கூட இல்லை.

கவர்னராக இருந்த நாட்களில் நடந்த இன்னொரு விஷயம், நம் வளாகத்தில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பிடிக்கும். அவரிடம் கேரி என்ற ஐரிஷ் செட்டர் நாய் இருந்தது. அவரோடு அலுவலகத்துக்கே வரும். 1923இல் அது இறந்தபோது, மாநிலத் தலைமைச் செயலகத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட உத்தரவிட்டார். நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களுக்குச் செய்யும் மரியாதையை ஒரு நாய்க்குச் செய்வதா என்று முன்னாள் படைவீரர்கள் கொதித்துப்போனார்கள். பாக்ஸ்டர் பின்வாங்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு நாய்கள்தான் குடும்பம். போர்ட்லண்ட் அருகே அவருக்குச் சொந்தமான மெக்வொர்த் தீவில் பதினான்கு நாய்களும் ஒரு குதிரையும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. 1943இல் அந்தத் தீவையும் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். பின்னர் அங்கே காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி வந்தது.

28 பத்திரங்கள்

அரசு வாங்காவிட்டால் நானே வாங்குகிறேன் என்று முடிவெடுத்தார் பாக்ஸ்டர். பதவியில் இல்லாத அந்த ஆண்டுகளில் கம்பெனிக்காரர்களோடு பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். 1930இல் முதல் துண்டு கிடைத்தது. கட்டாடின் உச்சியின் பெரும்பகுதி உட்பட 5,960 ஏக்கர், விலை 25,000 டாலர். அடுத்த ஆண்டே அதை மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்தார். சட்டமன்றம் நன்றியோடு பூங்காவுக்கும் உச்சிக்கும் அவர் பெயரையே வைத்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு துண்டாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சில இடங்களுக்கு விலை படியவில்லை. சில இடங்களில், தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களோடு சண்டை போடாமல், பூங்காவின் சில பகுதிகளில் வேட்டையைத் தொடரலாம் என்று விட்டுக்கொடுத்தார். வடமேற்கில் சுமார் 29,500 ஏக்கரை, காட்டை அழிக்காமல் மரம் வெட்டுவது எப்படி என்று செய்துகாட்டும் இடமாக ஒதுக்கினார். தான் நினைத்ததுதான் நூற்றுக்கு நூறு நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் பாதி நிலம்கூடச் சேர்ந்திருக்காது.

1962இல் கடைசித் துண்டைக் கொடுத்தபோது அவருக்கு 85 வயது. மொத்தம் 28 கொடைகள், 2,01,018 ஏக்கர். அவர் காலத்துக்குப் பிறகு சேர்ந்த நிலங்களால்தான் பரப்பு 2,09,000 ஏக்கரைத் தாண்டியது.

பத்திரத்தில் என்ன எழுதினார்?

ஃபிளாட் வாங்கும்போது பத்திரத்தை வரி வரியாகப் படித்தவர்கள் நீங்கள். ஆகவே இந்தப் பகுதி உங்களுக்கு எளிதில் புரியும். பாக்ஸ்டர் நிலத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. மாநில அரசை உரிமையாளராக்காமல் அறங்காவலராக்கினார். நிலம் என்றென்றும் இயற்கையான காட்டு நிலையிலேயே இருக்க வேண்டும், விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அடைக்கலமாக இருக்க வேண்டும், மக்கள் வந்து போகும் பொதுக் காடாகவும் இருக்க வேண்டும் என்று பத்திரங்களில் நிபந்தனை விதித்தார். அடுத்து வரும் அரசு மனம் மாறினாலும் எளிதில் கைவைக்க முடியாதபடி, சட்டம் படித்தவர் சட்டத்தையே வேலியாகப் போட்டார்.

1937இல் இந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்க வாஷிங்டனில் ஒரு மசோதா வந்தது. வேறு யாராக இருந்தாலும் பெருமைப்பட்டிருப்பார்கள். பாக்ஸ்டர் கடுமையாக எதிர்த்தார். தேசியப் பூங்கா என்றால் ஹோட்டலும் சாலையும் கூட்டமும் வந்துவிடும் என்பது அவர் கவலை. மசோதா நிறைவேறவில்லை.

இன்றும் மெய்ன் மாநிலத்தின் மற்ற பூங்காக்களைக் கவனிக்கும் துறையின் கீழ் இது வராது. மாநில அட்டர்னி ஜெனரல், வனத்துறை இயக்குநர், மீன்வள வனவிலங்குத் துறை ஆணையர் ஆகிய மூவர் கொண்ட தனி ஆணையம்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் அவர் மறக்கவில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பராமரிப்புக்குப் பணம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும், பொதுக்குழுவில் சத்தம் மட்டும் ஓடும். பாக்ஸ்டர் சுமார் 70 லட்சம் டாலரைப் பூங்காவுக்கென்று அறக்கட்டளை நிதியாக வைத்துப்போனார். நம் மொழியில் சொன்னால் கார்பஸ் நிதி. அதன் வருமானத்திலும் பயன்படுத்துவோர் கட்டும் கட்டணத்திலும்தான் பூங்கா முக்கியமாக ஓடுகிறது. நிதி கொடு என்று ஆண்டுதோறும் சட்டமன்ற வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மறுத்த அதே சட்டமன்றம்!

அவர் 1969 ஜூன் 12 அன்று தன் 92ஆம் வயதில் காலமானார். அவருடைய சாம்பல் அந்தக் காட்டிலேயே தூவப்பட்டது.

அவருக்குப் பிறகு

கொடுத்தவர் போனதும் சோதனை வந்தது. 1974இல் அடித்த புயலில் பூங்காவில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. காய்ந்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, அவற்றைக் கனரக இயந்திரங்களைக் கொண்டு அகற்ற ஆணையம் ஏற்பாடு செய்தது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, தீ பயம் உண்மையானதுதான். ஆனால் இயந்திரம் போக வழி வேண்டும், வழி போட்டால் காடு காடாக இருக்காது. பூங்காவைப் பயன்படுத்தி வந்த சாதாரணக் குடிமக்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நிலம் உங்களுடையது இல்லையே, நீங்கள் யார் கேட்க என்ற கேள்வி எழுந்தது. பூங்காவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பாக்ஸ்டர் எழுதிய பத்திரம் அலமாரியில் கிடந்திருந்தால் அது வெறும் காகிதம்தான். அதைப் படித்துப் பார்த்து, கேள்வி கேட்க நாலு பேர் இருந்ததால் அதற்கு உயிர் இருந்தது.

நீங்கள் போனால்

ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அருகிலுள்ள ஊர் மில்லினாக்கெட். ஒருநாள் மலையேற்றத்துக்குக் கார் நிறுத்தும் இடத்தை முன்பதிவு செய்வது நல்லது. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கார்களுக்குத்தான் அனுமதி. அது நிரம்பிவிட்டால், காரில் வருபவர்கள் வேறு பாதைக்குத்தான் போக வேண்டும். மலைமேல் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைக் கீழே இருக்கும் பார்க்கிங்கே முடிவு செய்துவிடுகிறது. கூட்டம் கூடுகிறதே, இன்னும் கொஞ்சம் மண் கொட்டி இடத்தை அகலமாக்கலாம் என்று அவர்கள் போவதில்லை.

உடம்பு ஒத்துழைத்தால் ஹன்ட் பாதை வழியாக உச்சிக்குப் போகலாம். போக 5.2 மைல், வர 5.2 மைல், ஏற்றம் 4,000 அடிக்கும் மேல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விடியும்போதே தொடங்குங்கள், டார்ச்சும் மழைக்கோட்டும் போதிய தண்ணீரும் கட்டாயம். மேகம் இறங்கினால் திரும்பிவிடுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். 1939 ஜூலையில் டான் ஃபென்ட்லர் என்ற 12 வயதுச் சிறுவன் உச்சிக்கருகே மூடுபனியில் வழிதவறி, ஒன்பது நாட்கள் தனியாகக் காட்டில் அலைந்து உயிரோடு வெளியே வந்தான். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

முழங்கால் வலி உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். ரோரிங் புரூக் முகாமிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சாண்டி ஸ்ட்ரீம் என்ற குளம் வரும். காலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் மூஸ் மான் தண்ணீரில் இறங்கி மேய்வதைப் பார்க்கலாம். எதிரே மலை முழுதாகத் தெரியும்.

நாயைக் கூட்டிப்போக முடியாது. பூங்காவுக்குள் செல்லப் பிராணிகளுக்கு அனுமதியே இல்லை. தன் நாய்க்காகக் கொடியை இறக்கியவர் பெயரில் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு விதியா என்று உங்களுக்குத் தோன்றும். காட்டு விலங்குகளுக்கு அடைக்கலம் என்று எழுதிய பிறகு, யாருடைய நாய்க்கும் விலக்குக் கொடுக்க முடியாது அல்லவா?

நம் வளாகத்தின் பின்பக்கம் வேப்ப மரங்கள் நிற்கும் இடத்தில் இன்னும் பத்து கார் நிறுத்தலாமா என்பது வரும் பொதுக்குழுவில் பேச்சுக்கு வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் சிரமம் உண்மை. மரத்தடியில் மாலையில் உட்காரும் பெரியவர்களின் தேவையும் உண்மை. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல இந்தப் பகுதி எழுதப்படவில்லை. பாக்ஸ்டரும் வேட்டைக்காரர்களுக்கு இடம் விட்டவர்தான். ஆனால் கூட்டத்துக்கு வரும் முன் நம் பத்திரத்திலும் பை-லாவிலும் அந்த இடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

மெய்ன் பக்கம் போய் வந்தவர்கள் படங்களோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த காலாண்டு இதழில் வெளியிடுவோம்.